பிள்ளைக்கு அரை மாத்திரை

“பெரியவங்களுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு அரை.” மருந்துக்கடையில் இதைக் கேட்காத தாய் தமிழ்நாட்டில் அரிது. வீட்டுக்கு வந்து மாத்திரையின் நடுக்கோட்டில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து அழுத்தினால் ஒரு பாதி கொஞ்சம் பெரிதாகவும் மற்றது கொஞ்சம் சிறிதாகவும் உடையும். துணுக்கொன்று தரையில் தெறிக்கும். கையில் நின்றதைக் கரண்டியில் நசுக்கி, தண்ணீரில் குழைத்து, அழும் பிள்ளையின் நாக்கில் வைப்பார்கள். இந்த ‘அரை’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நெடுங்காலம் மருத்துவத்திடமே சரியான பதில் இருக்கவில்லை.

ஒளியின் அலைத்தன்மையைச் சோதனையால் காட்டிய தாமஸ் யங் மருத்துவரும்கூட. பிள்ளையின் வயதை, அந்த வயதோடு பன்னிரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்கச் சொல்கிறது அவர் பெயரில் வழங்கும் விதி. ஆறு வயதுக்குப் பதினெட்டில் ஆறு, அதாவது மூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டு வயதுக்குச் சரிபாதி. கிளார்க் விதி வயதை விட்டுவிட்டு எடையைப் பிடித்தது. பெரியவர் எடை 150 பவுண்டு என்று வைத்துக்கொண்டு அந்த விகிதத்தில் மருந்தைக் குறைத்தது. இரண்டுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றே: குழந்தை என்பது சிறிய அளவில் வார்த்த பெரியவர்.

அந்த எண்ணத்தின் விலை 1959இல் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பெரிய மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் காக்கக் குளோரம்ஃபெனிகால் கொடுத்தார்கள். சில நாள்களில் பல குழந்தைகளுக்கு வயிறு உப்பி, உடல் தளர்ந்து, தோல் சாம்பல் நிறமாகி உயிர் போயிற்று. மருந்து பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் பெற்றவர்களிடம் இறப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. பெரியவரின் கல்லீரல் அந்த மருந்தைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியே அனுப்பிவிடும். பிறந்து சில நாளே ஆன சிசுவின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் கைவந்திருக்காது. உள்ளே போன மருந்து வெளியேற வழியில்லாமல் தங்கியது. அடுத்த வேளை மருந்தும் அதன்மேல் சேர்ந்தது.

குழந்தை சிறிய பெரியவர் அல்ல என்பது அன்று புரிந்தது. பெரியவர்களே ஒருவரைப்போல் ஒருவர் இல்லை என்ற பாடம் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சென்னையில் வெளிப்பட்டது.

சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956இல் அது மதராஸ் காசநோய் வேதிசிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி அது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டியதில்லை, நகரத்தின் நெருக்கமான குடியிருப்பிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று அந்த மையம் 1959இல் காட்டியது உலகப் புகழ் பெற்ற செய்தி. அதே மையத்தில் நடந்த இன்னொரு வேலையைப் பலர் அறிவதில்லை. நோயாளிகளின் இரத்தத்தில் காசநோய் மருந்தான ஐசோநியசிட் எவ்வளவு தங்குகிறது என்று அவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள்.

எடைக்கேற்ற ஒரே அளவு மருந்து, ஒரே நேரம். சில மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால் ஒருவரிடம் மருந்து தாராளமாக இருக்கும், அடுத்தவரிடம் கிட்டத்தட்ட வற்றியிருக்கும். கல்லீரலில் உள்ள ஒரு நொதி ஐசோநியசிட்டின்மீது அசிட்டைல் தொகுதியை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த நொதி சிலருக்கு வேகமானது, சிலருக்கு மெதுவானது. அது பிறப்போடு வருவது. 1960இல் பிரைஸ் எவன்ஸும் கூட்டாளிகளும் பல குடும்பங்களில் இதை அளந்து வரைபடம் போட்டபோது ஒரே குன்றாக வரவில்லை, ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில்கள் எழுந்தன. வேகமாக மாற்றுபவரிடம் மருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். மெதுவானவரிடம் அதற்கு மூன்று மணி நேரம்போலப் பிடிக்கும். தென்னிந்தியரில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் மெதுவான வகை.

வேறுபாடு தாளோடு நிற்கவில்லை. ஐசோநியசிட்டை அதிக அளவில் வாங்கியவர்களில் கை கால் எரிச்சலும் மரத்துப்போதலும் மெதுவான வகையினரையே அதிகம் பிடித்ததை மதராஸ் மருத்துவர்கள் கண்டார்கள். பி வைட்டமின் அதைத் தடுத்தது. பின்னர் வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழானது. வேகமான வகையினருக்கு மருந்து வந்த சுவடு தெரியாமல் மறைந்தது, குணமடைந்தவர் தொகையும் குறைந்தது. தினமும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. ‘சராசரி நோயாளிக்கு எவ்வளவு மருந்து’ என்ற கேள்விக்கு ஓர் எண் போதும். சேத்துப்பட்டில் காத்திருந்தவர்களில் அந்தச் சராசரி நோயாளி எவரும் இல்லை. மெதுவானவர் இருந்தார், வேகமானவர் இருந்தார்.

உடலுக்குள் மருந்தின் போக்கைக் கணக்காக்கும் துறைக்கு மருந்தியக்கவியல் என்று பெயர். ஸ்வீடனின் உப்சலாவில் டோர்ஸ்டன் டியோரெல் 1937இல் அதற்குச் சமன்பாடுகள் எழுதினார். ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் ஃபிரெடரிக் ஹார்ட்முட் டோஸ்ட் 1953இல் பெயர் சூட்டினார். அடிப்படைப் படிமம் எளியது: அடியில் ஓட்டையுள்ள ஒரு குடம். குடத்தின் கொள்ளளவு எவ்வளவு, ஓட்டை எவ்வளவு பெரிது என்ற இரண்டும் தெரிந்தால் மற்றதெல்லாம் கணக்கிலிருந்து வரும். முதலாவது பரவல் கொள்ளளவு. இரண்டாவது வெளியேற்ற வீதம்: ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் இரத்தம் மருந்தின்றிச் சுத்தமாகிறது என்பது. மருந்து பாதியாகக் குறையும் காலம் இந்த இரண்டின் விகிதத்திலிருந்து பிறக்கிறது.

குடம் கண்ணால் காணும் குடமல்ல என்பதை மட்டும் மறக்கக்கூடாது. இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்ஸினின் பரவல் கொள்ளளவு ஒரு பெரியவரிடம் 500 லிட்டர் அளவுக்கு வரும். எழுபது கிலோ உடலுக்குள் அவ்வளவு இடம் ஏது? மருந்தின் பெரும்பகுதி தசைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, இரத்தத்தில் நிற்பது சொற்பம் என்பதே அந்த எண் சொல்லும் சேதி.

இந்த எண்களை அளக்க ஒரு மரபான வழி உண்டு. ஆரோக்கியமான பன்னிரண்டு இளைஞர்களைப் பிடித்து, கையில் ஊசி பொருத்தி, மருந்து கொடுத்த பின் ஒருநாள் முழுவதும் பத்துப் பன்னிரண்டு முறை இரத்தம் எடுப்பது. ஒவ்வொருவருக்கும் அழகான வளைகோடு கிடைக்கும். ஆனால் மருந்து தேவைப்படுபவர் அந்த இளைஞர் அல்லவே! சிறுநீரகம் தளர்ந்த எழுபது வயது மூதாட்டிக்கும் இன்குபேட்டரில் கிடக்கும் சிசுவுக்கும் அந்த வளைகோடு பேசாது. அவர்களிடம் பன்னிரண்டு முறை இரத்தம் எடுக்கவும் முடியாது. ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே தொண்ணூறு மில்லி அளவுதான். ஒரு காபி டம்ளர் நிறையாது. தடவைக்கு இரண்டு மில்லி வீதம் பன்னிரண்டு முறை எடுத்தால் கால்வாசிக்கு மேல் போய்விடும்.

முட்டுக்கட்டையை உடைத்தவர்கள் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இருவர்: மருத்துவர் லூயிஸ் ஷைனர், புள்ளியியலாளர் ஸ்டூவர்ட் பீல். மருத்துவமனையில் சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கப்படும் இரத்த அளவீடுகளைப் பார்த்தார் ஷைனர். ஒரு நோயாளிக்கு ஒன்று, இன்னொருவருக்கு மூன்று, கண்ட நேரங்களில் எடுத்தவை. தனித்தனியே பார்த்தால் எதற்கும் உதவாத சிதறல். 1972இல் கணினி உதவியோடு ஒவ்வொருவருக்கும் மருந்தளவைத் தீர்மானிப்பது பற்றியும், 1977இல் வழக்கமான மருத்துவமனைத் தரவிலிருந்தே ஒரு மக்கள் கூட்டத்தின் பண்புகளைக் கணிப்பது பற்றியும் அவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். டிகாக்ஸின்தான் அவர்களுடைய பரிசோதனைக் களம். 1980இல் பீலும் அவரும் ‘நான்மெம்’ என்ற கணினி நிரலை அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் உலகெங்கும் மருந்து நிறுவனங்களில் ஓடுவது அதன் வழித்தோன்றல்.

அவர்களுடைய யோசனையின் ஆழத்தைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பிருந்த இரண்டு குறுக்குவழிகளைப் பார்க்க வேண்டும். எல்லாருடைய அளவீட்டையும் ஒரே மனிதருடையதாகப் பாவித்துக் கொட்டிக் கலக்குவது ஒன்று. சேத்துப்பட்டின் வேகமானவரையும் மெதுவானவரையும் கலந்தால் நடுவில் வரும் வளைகோடு இருவருக்கும் பொருந்தாது. முதலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுப்பது இன்னொன்று. அதற்கு ஒவ்வொருவரிடமும் நிறைய இரத்தம் வேண்டும். அளவீட்டுப் பிழையெல்லாம் மனித வேறுபாடாக வேடம்போட்டு வந்துவிடும்.

கலப்பு விளைவு மாதிரி என்னும் மூன்றாவது வழி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது. இந்த மக்களில் நடுத்தரமான வெளியேற்ற வீதம் என்ன? அதிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு விலகுகிறார்கள்? விலகலில் எவ்வளவு பகுதிக்கு எடை, வயது, சிறுநீரகத் திறன் காரணம், எவ்வளவுக்குக் காரணம் தெரியவில்லை? இவற்றுக்கும் மேலே கருவியின் பிழையும் ஏட்டின் பிழையும் எவ்வளவு? கடைசியாகச் சொன்னது அற்பமானதல்ல. எட்டு மணிக்கு என்று எழுதப்பட்ட ஊசி, வார்டில் அவசரக் கேஸ் வந்ததால் எட்டு நாற்பதுக்குப் போட்டிருக்கலாம். வேகமாகக் குறையும் மருந்துக்கு அந்த நாற்பது நிமிடம் போதும், நோயாளியின் கல்லீரலே வேறு மாதிரி என்று கணினியை நம்ப வைக்க.

இந்த முறையின் கண்ணியம் சிசுக்களிடம்தான் முழுமையாகத் தெரிகிறது. வலிப்பு வரக்கூடிய குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபினோபார்பிட்டால் கொடுப்பது வழக்கம். 1985இல் கிராசெலாவும் டானும் அப்படிச் சிகிச்சை பெற்ற 59 குழந்தைகளின் தரவை எடுத்தார்கள். மொத்தம் 155 அளவீடுகள். ஒரு குழந்தைக்கு ஒன்று முதல் ஆறு வரை. ஆராய்ச்சிக்கென்று ஒரு பிஞ்சுக் குதிகாலிலும் கூடுதலாக ஊசி ஏறவில்லை. அந்தச் சிதறலிலிருந்து, குழந்தையின் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.0047 லிட்டர் வெளியேற்றம், கிலோவுக்கு ஒரு லிட்டரை நெருங்கும் பரவல் கொள்ளளவு என்ற எண்கள் கிடைத்தன. இந்த இரண்டிலிருந்தும் கணக்கிட்டால் மருந்து பாதியாவதற்கு ஏறத்தாழ ஆறு நாள். பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தைகளின் கொள்ளளவு சற்று அதிகம் என்பதும் தெரிந்தது. உலகெங்கும் புள்ளியியல் மாணவர்கள் இன்றும் இந்தத் தரவை வைத்துப் பயில்கிறார்கள்.

கணிதம் சுலபமாக வரவில்லை. மருந்தின் அளவு அடுக்குக்குறியாகத் தேய்வதால் சமன்பாடுகள் நேர்கோட்டில் இல்லை, நேரடித் தீர்வும் கிடையாது. பீலும் ஷைனரும் வளைவை நேர்கோட்டால் தோராயப்படுத்திச் சமாளித்தார்கள். 2005இல் பிரான்சின் குனும் லவியேலும் சமவாய்ப்பு மாதிரிகளை அடுக்கடுக்காக எடுத்து நகரும் வேறொரு வழியை நிலைநாட்டினார்கள். மனிதர்களின் பரவல் மணி வடிவம்தான் என்று ஏன் முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பாரிஸில் 1986இல் அலன் மாலேயும், லாஸ் ஏஞ்சலீஸில் ரோஜர் ஜெலிஃபின் குழுவும் பரவலின் வடிவத்தைத் தரவே சொல்லட்டும் என்று விட்டார்கள். ஐசோநியசிட்டின் இரட்டைத் திமிலை நினைத்தால் இந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். ஒற்றை மணியைக் கவிழ்த்தால் இரண்டு திமில்களும் அதற்குள் மறைந்துபோகும்.

குழந்தைக்கு அரை என்ற பழைய கேள்விக்கு இப்போது திரும்பலாம். உயிரினங்களின் ஆற்றல் செலவு எடையின் முக்கால் அடுக்கில் கூடுகிறது என்று மாக்ஸ் கிளைபர் 1932இல் எழுதினார். மருந்து வெளியேற்றமும் பெரும்பாலும் அந்த வழியிலேயே போகிறது. பத்துக் கிலோ குழந்தையின் எடை எழுபது கிலோ பெரியவரின் எடையில் ஏழில் ஒன்று, அதாவது 14 சதவீதம். முக்கால் அடுக்குப்படி அதன் வெளியேற்றத் திறனோ 23 சதவீதம். அப்படியானால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அந்தக் குழந்தை பெரியவரைவிட 1.6 மடங்கு வேகமாக மருந்தை வெளியேற்றுகிறது. எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுத்தால் அதற்குப் போதாது. ஆனால் கைக்குழந்தையிடம் எதிர்விசை ஒன்றும் வேலை செய்கிறது: உறுப்புகள் இன்னும் முதிரவில்லை. சிறுநீரகம் பெரியவர் நிலையை நெருங்கவே ஒரு வயதளவு ஆகும்.

இரு விசைகளும் மோதும் இடத்தைப் புசல்ஃபானில் கண்ணால் பார்க்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் மருந்து அது. கூடினால் கல்லீரலின் நுண்நாளங்கள் அடைபடும். குறைந்தால் புதிய மஜ்ஜை ஒட்டாது. மக்கள்தொகை மாதிரி என்றும் வழங்கும் இந்தக் கலப்பு விளைவு மாதிரியைக் கொண்டு ஐரோப்பாவில் வகுத்த அளவுகள் இப்படிப் போகின்றன: ஒன்பது கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 1 மி.கி.; ஒன்பதிலிருந்து பதினாறு வரை 1.2; இருபத்துமூன்று வரை 1.1, முப்பத்துநான்கு வரை 0.95, அதற்கு மேல் 0.8. ஏறி, உச்சி தொட்டு, இறங்குகிறது. யங்கின் பின்னமோ கிளார்க்கின் விகிதமோ இந்த மேட்டை எக்காலத்திலும் கண்டிருக்காது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தலசீமியாக் குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்றும்போது இதே மருந்தைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். குளூட்டாதயோனை மருந்தோடு இணைக்கும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு இல்லாத குழந்தைகளிடம் கல்லீரல் அடைப்பு அதிகம் என்று அவர்கள் 2004இல் தெரிவித்தார்கள்.

‘மக்கள்தொகை’ என்ற சொல்லுக்கு இங்கே இன்னொரு பொருளும் ஒட்டிக்கொள்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டினைச் சிங்கப்பூரில் வசிக்கும் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருக்கு ஒரே அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவின்படி இரத்தத்தில் சேர்ந்த மருந்து வெள்ளையரைவிடச் சீனரிடம் 2.3 மடங்கு, மலாய்க்காரரிடம் 1.9, இந்தியரிடம் 1.6. ஆசியர்களுக்கு 5 மி.கி.யில் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பு மாறியது. பயனுள்ள எச்சரிக்கைதான். ஆனாலும் இனப் பெயரைக் காரணமாக எடுத்துக்கொள்வது சோம்பல். இனத்துக்குள்ளே இருக்கும் விரிவு பெரிது. பெயருக்குப் பின்னால் வேலை செய்வது மருந்தைக் கல்லீரலுக்குள் இழுக்கும் புரதங்களின் மரபணு, உடலமைப்பு, உணவு. சேத்துப்பட்டில் அளந்தது ‘தென்னிந்தியர்’ என்ற அடையாளத்தை அல்ல, ஒவ்வொருவரின் நொதியை. அதனால்தான் அந்த அறிவு நிலைத்தது.

மாதிரி ஒருமுறை அமைந்துவிட்டால் அது நோயாளியின் படுக்கைக்கே வரும். நல்ல தையல்காரரிடம் கழுத்தளவை மட்டும் சொன்னாலும் தோளும் கையும் என்னவாக இருக்கும் என்று அனுபவத்தால் ஊகிப்பார். கை நீளத்தையும் சொன்னால் ஊகத்தைத் திருத்திக்கொள்வார். பேயஸ் முறை செய்வதும் அதுதான். கிருமிக்கொல்லியான வான்கோமைசின் கொடுக்கப்படும் நோயாளியிடம் ஓரிரு இரத்த மாதிரிகள் எடுத்தால் போதும். ஆயிரக்கணக்கானோரின் அனுபவத்தோடு அதைச் சேர்த்து இவருடைய வெளியேற்ற வீதத்தைக் கணினி கணிக்கும். 2009 வழிகாட்டி, அடுத்த ஊசிக்கு முன் மருந்து லிட்டருக்கு 15 முதல் 20 மி.கி. இருக்க வேண்டும் என்றது. அதை எட்டும் முயற்சியில் பலரின் சிறுநீரகம் அடிவாங்கியது. 2020இல் வந்த திருத்தம் அந்த ஒற்றைப் புள்ளியை விட்டு, ஒருநாள் முழுதும் உடல் சந்திக்கும் மொத்த மருந்தளவுக்கு 400 முதல் 600 என்ற எல்லையை வைத்து, பேயஸ் மென்பொருளைப் பரிந்துரைத்தது. இந்தத் துறை நோயாளிக்கு நேரடியாகச் செய்த நன்மைகளில் இதை முன்வரிசையில் வைக்கலாம்.

அதிகாரமும் வந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இல் இத்துறைக்கு வழிகாட்டி வெளியிட்டது, 2022இல் புதுப்பித்தது. புற்றுநோய்க்கான நிவோலுமாப் முதலில் கிலோவுக்கு 3 மி.கி. என்று வந்தது. 2016இல் பெரும்பாலும் மாதிரிக் கணக்கின் பலத்திலேயே எல்லாருக்கும் 240 மி.கி. என்று மாற்றப்பட்டது. பெம்ப்ரோலிசுமாபும் கிலோவுக்கு 2 மி.கி.யிலிருந்து பொதுவான 200 மி.கி.க்குப் போனது. மருத்துவரீதியாக இதில் பிழையில்லை. இந்த மருந்துகளில் எடையின் செல்வாக்கு சிறிது, கூடுதலால் கேடும் இல்லை. ஆனால் ஐம்பது கிலோ எடையுள்ளவருக்குப் பழைய கணக்கில் பெம்ப்ரோலிசுமாப் 100 மி.கி. போதும். புதிய கணக்கில் அவர் இரு மடங்கு வாங்குகிறார், விலையும் இரு மடங்கு. குடும்பம் நிலத்தை விற்று மருந்து வாங்கும் நாட்டில் இது சிறிய விஷயமே அல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான வாய்வழி மருந்துகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாப் சேர்த்தார்கள். ஓராண்டு கடந்து உயிரோடு இருந்தவர்களின் பங்கு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது. முழு அளவோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. என்றாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு வேறு, அது செய்யும் வேலை வேறு என்பதை உரக்கச் சொல்கிறது. செறிவைச் சமமாக்கும் மாதிரி, எந்தச் செறிவு போதும் என்ற கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லாது.

மாதிரிக்குத் தெரிந்த மனிதர்கள் அதற்குக் காட்டப்பட்டவர்கள் மட்டுமே. மருந்துச் சோதனைகளிலிருந்து கர்ப்பிணிகள் நெடுங்காலம் விலக்கப்பட்டார்கள். வலிப்பு மருந்தான லாமோட்ரிஜினின் வெளியேற்றம் கர்ப்பகாலத்தில் இரண்டு மடங்குக்கு மேலும் கூடக்கூடும். மருந்து குறைந்து வலிப்பு திரும்பும். பிரசவமான சில வாரங்களில் வெளியேற்றம் பழையபடி இறங்கும். கூட்டிய அளவைக் குறைக்காவிட்டால் அதே தாய்க்குத் தலைச்சுற்றலும் இரட்டைப் பார்வையும் வரும், மடியில் கைக்குழந்தையோடு. இருபது வயது ஆண்களின் தரவில் இதன் சுவடே இருக்காது. தரவு மெலிந்திருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. ஒருவரைப் பற்றி அதிகம் தெரியாதபோது கணக்கு அவரை நடுத்தரத்தை நோக்கி இழுக்கும். அந்த இழுப்பில் உண்மையான வேறுபாடு கரைந்துபோனால் ஆராய்பவர் ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதிவிடுவார். ஒரே தரவிலிருந்து இரண்டு திறமையான குழுக்கள் இரண்டு மாதிரிகளோடு வெளிவருவதும் நடக்கிறது.

மலேரியாவில் இந்தப் பார்வைக்குறை நெடுநாள் நீடித்தது. டைஹைட்ரோஆர்டெமிசினினும் பிப்பெரகுவினும் சேர்ந்த மாத்திரையைப் பெரியவருக்கான கிலோக் கணக்கிலேயே சிறு குழந்தைகளுக்கும் கொடுத்துவந்தார்கள். பல நாடுகளின் தரவுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்து போதவில்லை, நோய் அவர்களிடமே அதிகம் திரும்புகிறது என்று தெரிந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் 25 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அளவைக் கூட்டியது. மலேரியாவுக்கு அதிகம் இரையாகும் வயது எதுவோ அந்த வயதுக்கே குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மனம் ஆறாத செய்தி இது.

காசநோயிலும் அதே கதை. குழந்தைகளுக்கு ஐசோநியசிட் கிலோவுக்கு 5 மி.கி. என்றிருந்ததை 2010இல் 10 ஆகவும், ரிஃபாம்பிசினை 10இலிருந்து 15 ஆகவும் உயர்த்தினார்கள். சேத்துப்பட்டு நிறுவனம் மீண்டும் களத்தில் இருந்தது. வயது, ஊட்டநிலை, ஐசோநியசிட்டை மாற்றும் வேகம் ஆகிய மூன்றும் குழந்தைகளின் மருந்தளவைப் பாதிப்பதாக அதன் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். 2015 இறுதியில் குழந்தைகளுக்கென்றே செய்த மாத்திரை வந்தது: 50 மி.கி. ஐசோநியசிட், 75 ரிஃபாம்பிசின், 150 பைரசினமைடு. தண்ணீரில் போட்டால் கரையும், பழச்சுவையோடு இருக்கும். கட்டைவிரலால் உடைக்க வேண்டியதில்லை. நான்கு கிலோவிலிருந்து எட்டுக்குள் ஒன்று, எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் இரண்டு, பதினாறுக்குள் மூன்று, இருபத்தைந்துக்குள் நான்கு.

பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் படிக்கட்டின் விளிம்பில் நிற்கும் குழந்தையைப் பார்க்க வேண்டும். எட்டுக் கிலோ குழந்தைக்கு இரண்டு மாத்திரையில் கிலோவுக்கு 12.5 மி.கி. ஐசோநியசிட் கிடைக்கும். 7.9 கிலோ குழந்தைக்கு ஒரே மாத்திரை, கிலோவுக்கு 6.3 மி.கி.தான், பரிந்துரைத்த கீழ் எல்லையான 7ஐக்கூடத் தொடாது. ரிஃபாம்பிசினும் பத்துக்குக் கீழே நிற்கும். அந்தக் குழந்தை வேகமாக மாற்றும் வகையாகவும் இருந்துவிட்டால் இரத்தத்தில் மிஞ்சுவது இன்னும் சொற்பம். சுகாதார நிலையத்தில் தராசின்மேல் குழந்தையை வைக்கும்போது காலில் வெள்ளித் தண்டையும் இடுப்பில் நனைந்த துணியும் இருந்தால் முள் எட்டில் நிற்கும். கழற்றிவிட்டு வைத்தால் 7.9.